இயந்திர விளைச்சலில் யாருக்குப் பங்கு: அடிப்படை வருமானமும் அதன் நிதி ஊற்றும்

தானியக்கத்தால் வேலை பறிபோவதற்கு மாற்றாக அனைவருக்குமான அடிப்படை வருமானம் முன்வைக்கப்படும்போதெல்லாம், விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறது: உழைக்காமலே பணம் கிடைக்குமானால் மக்கள் உழைப்பார்களா? இக்கேள்வி பழமையானது; இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதி நீதிபதிகள் 1795இல் ரொட்டி விலையை அளவுகோலாகக் கொண்டு ஏழைகளின் கூலிக்கு ஈடுசெய்தபோதே எழுந்து, 1834ஆம் ஆண்டின் கடுமையான ஏழையர் சட்டத்துக்கு வழிகோலியது. தானியக்கத்தை முன்னிறுத்தும்போது இக்கேள்வி இரண்டாம் இடத்துக்கே உரியது என்பதும், வழங்கப்படும் பணம் எந்த ஊற்றிலிருந்து, எந்த உரிமையின் பேரில் வருகிறது என்பதே அத்திட்டம் நிலைப்பதையும் கரைவதையும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அடிப்படை வருமானம் என்பது, 1986இல் பெல்ஜியத்தின் லூவன்-லா-நோவ் நகரில் பிலிப் வான் பரெய்ஸ் முதலானோர் தொடங்கிய வலையமைப்பு இன்று வகுத்துள்ளபடி, வருமானச் சோதனையோ வேலை செய்யவேண்டுமென்ற நிபந்தனையோ இன்றி, தனியாள் ஒவ்வொருவருக்கும், குறித்த கால இடைவெளியில், பணமாகவே வழங்கப்படும் தொகையாகும். மில்டன் ஃப்ரீட்மன் 1962இல் பரிந்துரைத்த எதிர்மறை வருமான வரி இதற்கு நெருங்கிய உறவு எனினும் இதுவன்று. அதில் வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு மட்டுமே அரசு பணம் தருகிறது, வருமானம் உயர உயர அத்தொகை தேய்கிறது.

தானியக்கத்தின் அளவைக் குறித்த கணிப்புகள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் நிற்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரே, ஆஸ்பர்ன் இருவரும் 2013இல் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு தானியக்கத்துக்கு இரையாகும் உயர் இடரில் உள்ளதாகக் கணித்தனர். தொழில்களை முழுமையாக எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்குள் அடங்கிய தனித்தனிப் பணிகளைப் பிரித்துப் பார்த்த, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் (ஓஈசிடி) 2016ஆம் ஆண்டு ஆய்வோ 21 நாடுகளின் சராசரியாக 9 விழுக்காட்டையே கண்டது. இரண்டுமே தொழில்நுட்பத்தால் எது இயலும் என்பதை அளப்பவையே தவிர, எது நடக்கும் என்பதை அல்ல. அசெமோக்லு, ரெஸ்ட்ரெப்போ இருவரும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு இவ்விரண்டையும்விடப் பயனுள்ளது: ஆயிரம் தொழிலாளர்க்கு ஒரு ரோபோ கூடும்போது வேலையிலிருப்போர் விகிதம் ஏறத்தாழ 0.2 விழுக்காட்டுப் புள்ளியும் கூலி ஏறத்தாழ 0.4 விழுக்காடும் குறைகின்றன என்று அது காட்டியது. வேலையே இல்லாத உலகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உற்பத்தியின் பயனில் கூலிக்குச் சேரும் பங்கு சுருங்கினாலே பகிர்வுச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

உழைப்பார்களா என்ற கேள்விக்கு இதற்குள் போதிய விடை கிடைத்துவிட்டது. ஃபின்லாந்து 2017–2018இல் வேலையற்றோர் 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ வழங்கியபோது அவர்கள் வேலை செய்த நாள்கள் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தன. டெக்சஸ், இல்லினாய் மாநிலங்களில் 1,000 பேருக்கு மூன்றாண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்து 2024இல் முடிவு வெளியான ஆய்வில் வேலைநேரம் வாரத்துக்கு ஒன்றேகால் மணியளவு குறைந்தது. பூச்சியத்துக்கு இருபுறமும் சிறிய எண்கள், அவ்வளவே. இச்சோதனைகள் அனைத்துக்கும் பொதுவான குறை வேறொன்று. இவற்றில் பணம் வெளியிலிருந்து, அறக்கொடையாகவோ அரசின் ஒதுக்கீடாகவோ, முடிவுநாள் குறிக்கப்பட்டு வருகிறது. பெறுபவரின் நடத்தையை அளக்கலாம், கொடுக்கும் ஏற்பாட்டின் வலுவை அளக்க இயலாது. அதற்கு வரலாற்றையே நாடவேண்டும்.

இவ்வகையில் மிகவும் பொருத்தமான, ஆனால் அடிப்படை வருமான நூல்களில் அரிதாகவே பேசப்படும் எடுத்துக்காட்டு அமெரிக்கத் துறைமுகங்களுடையது. 1956இல் மால்கம் மக்லீனின் கப்பல் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களைச் சுமந்து சென்றதிலிருந்து, மூட்டை மூட்டையாகச் சரக்கேற்றும் தொழில் முடிவுக்கு வரும் என்பது தெளிவாகத் தொடங்கியது. மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் இயந்திரத்தை எதிர்ப்பதைக் கைவிட்டு, அதன் விலையைப் பேச முடிவெடுத்தது. 1960 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, வேலைமுறைக் கட்டுப்பாடுகளைத் தொழிலாளர் விட்டுக்கொடுக்க, முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் 2.9 கோடி டாலரை ஒரு நிதியத்தில் சேர்த்தனர். முன்கூட்டிய ஓய்வுக்கும் வேலை குறைந்த வாரங்களில் ஊதிய உத்தரவாதத்துக்கும் அந்நிதியம் பொறுப்பேற்றது. அதே காலத்தில் கிழக்குக் கரையில் வேறுவகைத் தீர்வு உருவாயிற்று. அங்கே 1960இல் நடுவர் தீர்ப்பொன்று, பெட்டகங்களில் வரும் சரக்கின் மீது, கப்பலின் வகைக்கேற்ப டன்னுக்கு ஒரு டாலர் வரை ராயல்டியாகத் தொழிலாளர்க்குச் செலுத்த ஆணையிட்டது. பின்னர் 1964–65ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நியூயார்க் துறைமுகத்தினர் ஆள்கூட்டத்தை 20இலிருந்து 17ஆகக் குறைக்க இசைந்ததற்கு ஈடாக, ஆண்டுக்கு 1,600 மணிநேரக் கூலி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறுதி செய்யப்பட்டது. விரைவில் அது 2,080 மணியாக, அதாவது முழு ஆண்டு வேலைக்கு நிகராக உயர்ந்தது.

இவ்விரு ஏற்பாடுகளின் வேறுபாடு விரிவாக நோக்கத்தக்கது. மேற்குக் கரையினர் தங்கள் வேலைமுறை உரிமையை ஒரு குறித்த தொகைக்கு விற்றவர்களாயினர். வியட்நாம் போரும் வணிகப் பெருக்கமும் சரக்கைக் கூட்டியதால் ஊதிய உத்தரவாதத்தைத் தொடும் நிலையே எழவில்லை. ஆனால் முதலாளிகள் அடைந்த சேமிப்பு அவர்கள் செலுத்திய தொகையைப் பன்மடங்கு விஞ்சியது என்பதைப் பால் ஹார்ட்மனின் 1969ஆம் ஆண்டு நூல் நிறுவியது. கிழக்குக் கரையின் ராயல்டியோ ஆளின் எண்ணிக்கையோடோ வேலை நேரத்தோடோ கட்டப்படாமல், இயந்திரம் கையாளும் எடையோடு கட்டப்பட்டது. ஆகவே ஆள் குறையக் குறைய, பெட்டகம் பெருகப் பெருக, அதன் வரவும் பெருகியது. கூலியின் மீது வசூலாகும் சமூகக் காப்பீட்டு நிதிகள் இதற்கு நேரெதிரானவை: தானியக்கம் முன்னேறும்போது தேவை கூடி வரவு குறையும் வண்ணமே அவை அமைக்கப்பட்டுள்ளன. ராயல்டிக்கு வரம்பு கட்ட வேண்டுமென்று கப்பல் நிறுவனங்கள் 2012இல் கோரியபோது சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானது. 2024 அக்டோபரில் மூன்று நாள் நடந்த வேலைநிறுத்தத்திலும் தானியக்கமும் ராயல்டியும் கோரிக்கைகளாக இருந்தன. அறுபதாண்டு கடந்தும் ஓர் ஏற்பாடு உயிரோடிருப்பது, அதைப் பெறுபவர்கள் அதைத் தயவாக எண்ணாமல் பாத்தியதையாக எண்ணுவதால்தான். பழைய தமிழக நிலவுடைமையில் உழாதவருக்குரிய மேல்வாரமும் உழுபவருக்குரிய குடிவாரமும் தனித்தனியே வகுக்கப்பட்டிருந்ததை நினைத்தால், உழைக்காமல் விளைச்சலில் பங்கு கேட்பது சமூகத்துக்குப் புதியதன்று என்பதும், அதைக் கேட்பவர் யார் என்பதே புதியது என்பதும் விளங்கும்.

ஆனால் இதை முன்மாதிரியாகப் போற்றுவதற்கு முன் ஒரு கசப்பான உண்மையைக் கணக்கில் கொள்ள வேண்டும். மேற்குக் கரை நிதியம் முழுப் பதிவு பெற்ற ‘ஏ’ பிரிவினருக்கே உரியதாயிருந்தது. ‘பி’ பிரிவினரும் அன்றாடக் கூலிகளும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நியூயார்க்கின் உத்தரவாதமும் பதிவேட்டில் பெயருள்ளவருக்கு மட்டுமே. துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த சுமைவண்டிக்காரர், கிடங்குக் காவலர், உணவகத்தார் இழந்ததற்கு எந்த நிதியமும் ஈடுசெய்யவில்லை. இயந்திரத்தை நிறுத்தும் வல்லமை உடையவரே அதன் விலையைப் பேச முடிந்தது. அவ்வல்லமை இல்லாதவருக்குப் பேசுவதற்கு அரசையன்றி வேறு வழியில்லை என்ற இடத்தில்தான் அனைவருக்குமான திட்டத்தின் நியாயம் தொடங்குகிறது.

அனைவரையும் பங்குதாரராக்கிய ஏற்பாடு அலாஸ்காவில் உண்டு. அம்மாநிலம் 1976இல் அரசியலமைப்பைத் திருத்தி, எண்ணெய் உள்ளிட்ட கனிம ராயல்டியில் குறைந்தது கால் பங்கை நிரந்தர நிதியத்தில் சேர்க்க விதித்தது. ஆளுநர் ஜே ஹாமண்டின் முதல் திட்டம் குடியிருந்த ஆண்டுகளுக்கேற்பத் தொகையைக் கூட்டித் தருவதாயிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் அதைச் செல்லாததாக்கியதன் விளைவாகவே, குழந்தை முதல் முதியவர் வரை சமமான ஈவுத்தொகை நடைமுறைக்கு வந்தது. வேலைவாய்ப்பின் மொத்த அளவை அது குறைக்கவில்லை, பகுதிநேர வேலை மட்டும் சற்றுக் கூடியது என்பது ஜோன்ஸ், மரினெஸ்கு இருவரின் ஆய்வு முடிவு. வாழ்க்கைச் செலவுக்குப் போதாத இத்தொகையை அடிப்படை வருமானம் என்பது மிகையே. எனினும் கட்சி வேறுபாடின்றி நாற்பதாண்டுகளுக்கு மேல் அது நீடித்துள்ளது. அதன் பலவீனமும் பதிவாகியுள்ளது: எண்ணெய் விலை சரிந்த 2016இல் ஆளுநர் பில் வாக்கர் தமது தடுப்பதிகாரத்தால் அதைப் பாதியாக வெட்டினார், மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் ஈவுத்தொகையும் சட்டமன்ற ஒதுக்கீட்டுக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. நிதியத்தின் முதலுக்கு அரசியலமைப்புக் காவல் இருந்தும் பங்கீட்டுக்கு அக்காவல் இல்லை.

ஈரானின் அனுபவம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. எரிபொருள் மானியத்தைக் குறைத்து விலையை உயர்த்திய அந்நாடு, 2010 டிசம்பரிலிருந்து ஏழு கோடிக்கும் மேற்பட்டோருக்கு, தலைக்கு மாதம் 4,55,000 ரியால் வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது இடைநிலைக் குடும்பத்தின் தலைவீத வருமானத்தில் கால் பங்கைத் தாண்டியது. உலகின் எந்த நாட்டிலும் அதற்கு முன் அத்தனை பேருக்கு அத்தனை பெரிய தொகை நிபந்தனையின்றிக் கொடுக்கப்பட்டதில்லை எனலாம். சாலிஹி-இஸ்ஃபஹானி, முஸ்தஃபவி-தெஹ்ஸூயீ இருவரும் தரவுகளை ஆராய்ந்து, மக்கள் வேலையைக் கைவிட்டதற்குச் சான்றில்லை என்று கண்டனர். ஆயினும் தொகை ரியாலில் ஒரே எண்ணாக நிறுத்தப்பட்டது. தடைகளும் நாணய வீழ்ச்சியும் பணவீக்கத்தை முப்பது விழுக்காட்டுக்கு மேல் தள்ளிய சில ஆண்டுகளில், யாரும் ரத்து செய்யாமலே அத்தொகையின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. உழைப்பைக் குறித்த தேர்வில் தேறிய திட்டம், வளரும் ஊற்று ஒன்றோடு பிணைக்கப்படாததால் வீழ்ந்தது.

வரியிலிருந்து மட்டுமே நிதி திரட்டும் திட்டங்களின் இடர் இங்கே புலப்படுகிறது. தானியக்கத்தையே முதன்மைக் காரணமாகக் காட்டி 2020 அமெரிக்கத் தேர்தல் களத்தில் ஆண்ட்ரூ யாங் முன்வைத்த மாதம் 1,000 டாலர் திட்டத்தை, ஏறத்தாழ 25.8 கோடி வயது வந்தோருக்கும் வழங்கினால் ஆண்டுக்கு 3.1 லட்சம் கோடி டாலர் ஆகும். 2019ஆம் நிதியாண்டில் அந்நாட்டுக் கூட்டரசின் மொத்த வரவே ஏறத்தாழ 3.5 லட்சம் கோடி. இதில் ஒரு பகுதி வரியாகத் திரும்பி வரும், ஏற்கெனவே உதவி பெறுவோரின் தொகை கழிக்கப்படும் என்ற விளக்கங்கள் சரியே. ஆனால் அவர் நம்பிய மதிப்புக் கூட்டு வரி நுகர்வின் மீது விழுவது. இயந்திரத்தின் உடைமையாளரிடம் சேரும் ஆதாயத்தை அது சுற்றிவளைத்தே தொடுகிறது.

ஆங்கிலப் பொருளியலர் ஜேம்ஸ் மீட் 1964இலேயே இதை நேர்கொண்டு பார்த்தார். தானியக்கம் உழைப்பின் விலையைத் தாழ்த்துமானால் கூலி வழியே பகிர்வு நடைபெறாது; உடைமை பரவலாகவேண்டும், அல்லது சமூகமே உடைமையில் பங்குகொண்டு அதன் வருவாயைச் சமூக ஈவாக வழங்கவேண்டும் என்பது அவர் வாதம். ரோபோக்களின் மீதே வரி விதிக்கும் யோசனையைவிட இது வலிமையானதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. பெட்டகத்தை எண்ணலாம், டன்னை நிறுக்கலாம். கணக்கரின் பணியைச் செய்யும் மென்பொருளுக்கு அவ்வாறான அலகு கிடையாது, எது ரோபோ என்று வரையறுக்க முனையும் சட்டம் ஒவ்வொரு தொழில்நுட்ப மாற்றத்திலும் பின்தங்கும். நிறுவனப் பங்கையே பொது நிதியம் வைத்திருந்தால், ஆதாயம் எவ்வழியில் விளைந்தாலும் பங்கு வந்து சேரும். ஆனால் அரசியல் எதிர்ப்பு இங்குதான் கூர்மையாகிறது. ருடால்ஃப் மெய்ட்னர் 1970களில் ஸ்வீடனில் முன்வைத்த தொழிலாளர் நிதியத் திட்டம் நீர்த்துப்போன வடிவில் 1983இல் சட்டமாகி, ஆட்சி மாறியபின் 1990களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. அந்நிதியங்கள் தனிமனிதருக்கு எதையும் நேரடியாகத் தரவில்லை என்பது அவற்றைக் காக்க அலாஸ்காவில் போல மக்கள் திரளாமைக்கு ஒரு காரணமாகலாம்.

இந்தியாவில் இவ்விவாதம் வேறு பாதையில் வந்தது. 2016–17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, அரவிந்த் சுப்பிரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, தலைக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்ற கணக்கோடு அடிப்படை வருமானத்தை விவாதித்தது; அதன் முதன்மை நோக்கம் வறுமையும் மானியக் கசிவும். செலவு உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4.9 விழுக்காடு என மதிப்பிடப்பட்டு, நடப்பு மானியங்களை மாற்றீடு செய்வது பற்றிப் பேசப்பட்டது. அதாவது ஊற்று ஏழையரின் பிற உரிமைகளே. குடும்ப அட்டைதாரர் பெரும்பாலோருக்கும் ரேஷன் அரிசி கிடைக்கும் தமிழ்நாட்டில் இம்மாற்றீடு, விலையேற்றத்தால் தேயாத ஒரு பொருளுரிமையைத் தேயும் பணத்துக்கு விற்பதாகும். 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மகளிருக்கு மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய உரிமைத் தொகையும் விலைவாசியோடு தானே உயரும் விதியின்றியே வகுக்கப்பட்டது. ஈரானின் பாடம் அதற்கும் பொருந்தும்.

இதைவிடக் கடினமானது எல்லை தாண்டும் தானியக்கம். சென்னையிலும் பெங்களூருவிலும் மணிலாவிலும் அமர்ந்து பிற நாட்டு வாடிக்கையாளரின் அழைப்புகளுக்கு விடையளிப்பவரின் வேலையை மென்பொருள் எடுத்துக்கொள்ளுமானால், அதன் ஆதாயம் பெரும்பாலும் அந்த மென்பொருளின் உடைமையாளர் பதிவு பெற்ற நாட்டில்தான் சேரும். அந்நாட்டுப் பொது நிதியம் தன் குடிமக்களுக்கு ஈவு வழங்கும்போது, வேலையிழந்தவர் அதன் பங்கேட்டில் இடம்பெறமாட்டார். ‘பி’ பிரிவுத் தொழிலாளரை வெளியே நிறுத்திய பதிவேடு அப்போது கடவுச்சீட்டின் வடிவில் திரும்பும். வாடிக்கையாளர் உள்ள நாட்டுக்கும் வரி உரிமை உண்டு என்று ஓஈசிடி முன்னெடுத்த பன்னாட்டுப் பேச்சுகள் ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளன; வேலை இருந்த நாட்டுக்கும் அவ்வுரிமை உண்டு என்று கேட்பதற்கான சட்ட அடிப்படை இன்னும் எங்கும் வகுக்கப்படவில்லை.