பேரில்லாத மூத்த மகன்

நம்ம சினிமாவில ஒரு பழைய வழக்கம் இருக்கு. ஹீரோ ரெண்டரை மணி நேரம் கூலிக்காரனா உழைப்பாரு, அடி வாங்குவாரு, திருப்பி அடிப்பாரு, ஜெயிப்பாரு. கடைசி ரீல்ல ஒரு கிழவி வந்து, "தம்பி, நீ யாரு தெரியுமா? ஜமீன் வாரிசுப்பா!"ன்னு கண்ணைக் கசக்கும். ஒரு கூலிக்காரன் சொந்தக் கையால ஜெயிச்சான்னு நம்பறது நமக்கு அவ்வளவு கஷ்டம் போல.

இது கோடம்பாக்கத்து வியாதி மட்டும் இல்லை மக்களே. ஒரு ஜப்பான்காரர் செஞ்ச வீடியோ கேமை வச்சுக்கிட்டு, உலகம் பூரா இருந்த ரசிகர்கள் இதே வேலையை நாலரை வருஷம் செஞ்சாங்க. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு. கேம் ஆடாதவங்களும் தைரியமா படிக்கலாம். இனிமேதான் ஆடப் போறேன்னு சொல்றவங்க இத்தோட நிறுத்திக்கோங்க, கதையை முழுசா போட்டு உடைக்கப் போறேன் :-)

கேமோட பேர் 'டார்க் சோல்ஸ்'. 2011 செப்டம்பர்ல ஜப்பான்லயும் அடுத்த மாசம் மத்த நாடுகள்லயும் வெளிவந்தது. இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி. ஆரக்கிள் கம்பெனியில வேலை பார்த்துட்டு 29 வயசுல கேம் துறைக்கு வந்தவர். (பொட்டி தட்டும் சகோதரர்களே, நம்பிக்கை இழக்காதீங்க.) சின்ன வயசுல வீட்டில புத்தகம் வாங்க வசதி இல்லாம நூலகத்துல எடுத்துத்தான் படிப்பாராம். வயசுக்கு மீறின புத்தகங்கள், பாதி புரியாது. புரியாத இடத்தையெல்லாம் பக்கத்துல இருக்கற படத்தைப் பார்த்து தானே இட்டுக்கட்டி நிரப்பிக்குவாராம். 2015ல ஒரு பேட்டியில இதைச் சொல்லியிருக்கார்.

வளர்ந்த பிறகு அதே அனுபவத்தை நமக்கும் கொடுத்துட்டார். இந்த கேம்ல யாரும் உங்களை உட்கார வச்சு கதை சொல்ல மாட்டாங்க. ஒரு மோதிரம் கிடைச்சா அதோட விவரத்துல மூணு வரி இருக்கும். ஒரு வாள் கிடைச்சா இன்னொரு மூணு வரி. மிச்சத்தை நாமதான் கோர்க்கணும். மண்டபம் இடிஞ்சு போன ஊர்ல கல்வெட்டுத் துண்டு பொறுக்கற வேலைன்னு வச்சுக்கோங்களேன்.

கதைச் சுருக்கம் இதுதான். க்வின்னு ஒரு சூரியக் கடவுள், மின்னலை ஆயுதமா வச்சு டிராகன்களை ஒழிச்சு ராஜ்யம் அமைக்கிறார். அவருக்கு க்வினவியர்னு ஒரு மகள், க்விண்டொலின்னு ஒரு கடைக்குட்டி. இவங்களுக்கு மேல ஒரு மூத்த மகன் இருந்திருக்கான். ஆனா அவனை எங்கேயும் காணோம். கிடைக்கிற தடயங்கள்:

1. ஒரு மோதிரம். மூத்தவன் போர்க் கடவுளா இருந்தான், ஏதோ முட்டாள்தனத்தால பதவி பறிபோச்சு, வரலாற்றிலிருந்தே நீக்கப்பட்டான், இன்னிக்கு அவன் பேர்கூட யாருக்கும் தெரியாதுன்னு அதோட விவரம் சொல்லுது.

2. கடவுள்களோட தலைநகரான அனோர் லோண்டோவில அப்பா சிலை இருக்கு, மகள் சிலை இருக்கு. இன்னொரு பீடம் மட்டும் காலி.

3. ஊருக்கு வெளியே ஒரு சூரிய பலிபீடம். அங்கேயும் சிலையை உடைச்சிருக்காங்க.

இப்படி அழிக்கிறது நிஜ வரலாற்றுலயும் உண்டு. ரோமப் பேரரசர் கராகல்லா 211ல தம்பி கெட்டாவைக் கொன்னுட்டு, அவன் பேரையும் உருவத்தையும் எல்லா இடத்திலயும் சுரண்டச் சொன்னார். அவங்க குடும்ப ஓவியம் ஒண்ணு பெர்லின் அருங்காட்சியகத்துல இருக்கு. அப்பா, அம்மா, ஒரு பையன், அதுக்குப் பக்கத்துல சுரண்டின வட்டம். வேடிக்கை என்னன்னா, நம்ம கண்ணு முதல்ல போறது அந்தக் காலி வட்டத்துக்குத்தான். ஒரு பதிவை அழிச்சாலும், அழிச்ச தடத்தை அழிக்கறது கஷ்டம். டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

சரி, அந்தக் காலி பீடத்துல யாரை நிறுத்தறது? ரசிகர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஆள், சொலேர். அஸ்டோராங்கற ஊர்லேர்ந்து வந்த ஒரு வீரர். உடைஞ்ச பலிபீடத்துப் பக்கத்துல நின்னு சூரியனையே பார்த்துட்டு இருப்பார். 'எனக்குன்னு ஒரு சூரியனைத் தேடறேன்'ம்பார். எல்லாரும் நம்மளை வெட்ட வர்ற அந்த உலகத்துல சிரிச்சுப் பேசி உதவி செய்யற ஒரே மனுஷர்னு சொல்லலாம். கையில மின்னல் ஈட்டி வேற. கடைசிச் சண்டையில நாம கூப்பிட்டா வந்து க்வினுக்கு எதிராவே நிப்பார். அப்பனுக்கு எதிரா பிள்ளை! சினிமா ரசிகன் சும்மா இருப்பானா?

இன்னும் சிலர் கொல்லர் ஆண்டிரேவைச் சொன்னாங்க. அதே அஸ்டோரா, அதே வெள்ளைத் தாடி, க்வின் மாதிரியே உடற்கட்டு. 2014ல ரெண்டாம் பாகம் வந்தப்போ அதுல ஃபராம்னு ஒரு போர்க் கடவுள் பேர் அடிபட்டது. உடனே அவர்தான் இவர்னு ஒரு கட்சி கிளம்பிச்சு.

2016ல மூணாம் பாகம் வந்தது. அதுல மலை உச்சியில ஒரு ரகசிய இடம். பலர் கண்ணுலயே படாம போயிருக்கும். அங்கே புயல் டிராகன் மேல ஏறி, மின்னல் ஈட்டியோட ஒருத்தர் வர்றார். பட்டம், 'பேரில்லாத அரசன்'. ஒரு காலத்துல டிராகன்களைக் கொன்ன போர்க் கடவுள், பிறகு எல்லாத்தையும் துறந்து டிராகன்கள் பக்கமே சேர்ந்துட்டார்னு விவரம் சொல்லுது. மூத்தவன் செஞ்ச 'முட்டாள்தனம்' அதுதான். அப்பா ஒழிக்க நினைச்ச எதிரியோட கை கோர்த்திருக்கான். சொலேர் கட்சி அன்னிக்கே கலைஞ்சு போச்சு.

எனக்கு இதுல முக்கியமாப் படற விஷயம் வேற. சொலேர் யாருங்கறதுக்கு பதில் 2011லயே இருந்தது. அவரோட கேடயத்துல ஒரு சூரியன் வரைஞ்சிருக்கும். அதோட விவரம், அந்தச் சூரியனை அவரே வரைஞ்சுக்கிட்டார், அதுல எந்த தெய்வ சக்தியும் கிடையாது, அவரோட திறமை முழுக்க அவரோட பயிற்சியால வந்ததுன்னு பட்டவர்த்தனமா சொல்லுது. ஆனா அந்தக் கேடயம் நம்ம கைக்கு வரணும்னா சொலேர் சாகணும். அவரைக் காப்பாத்தினவங்க அந்த வரியைப் படிக்க வழியில்லை. சாகவிட்டுப் படிச்சவங்கள்ல பலரும் அதைத் தாண்டிப் போய் இளவரசனைத் தேடினாங்க.

ரசிகர்கள் யூகிச்சதைத் தப்பு சொல்ல மாட்டேன். காலி பீடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கறவன்தான் வரலாற்று மாணவன். ஆனா காலி பீடம் 'இங்கே ஒருத்தன் இருந்தான்'னு மட்டும்தான் சொல்லும். 'அவன் உனக்குப் பிடிச்ச ஆள்தான்'னு சொல்லாது.

சூரியனோட மகன், அங்கீகாரம் கிடைக்காத மூத்தவன்னு சொன்னதுமே நமக்குக் கர்ணன் ஞாபகம் வந்துடும். வில்வித்தை காட்ட அரங்கத்துக்கு வந்தவன்கிட்ட கிருபர் கேட்டது, நீ எந்தக் குலம், யார் பிள்ளைன்னு. அம்பு குறி தவறாம போச்சாங்கறது அங்கே கேள்வியே இல்லை. சொலேர்கிட்ட நாலரை வருஷம் கேட்கப்பட்டதும் அதே கேள்விதான், என்ன, பாசத்தோட கேட்டாங்க. இவ்வளவு நல்லவன், இவ்வளவு திறமைசாலி, சாதாரணப் பிறப்பா இருக்க முடியாதுங்கற நினைப்பு. பாராட்டு மாதிரி தெரியும். யோசிச்சுப் பார்த்தா அந்த ஆளோட உழைப்பைப் பிடுங்கி அவங்க அப்பா கணக்குல வரவு வைக்கிற வேலை அது.

மியாசாகி எழுதினதோ நேர் எதிர். சூரியனுக்கே பிறந்தவன் அந்தப் பிறப்பையும் பேரையும் தூக்கிப் போட்டுட்டு மலையேறிப் போயிட்டான். யாருக்குப் பிறந்தான்னே தெரியாத ஒருத்தன், ஒரு தூரிகையை எடுத்துத் தன் சூரியனைத் தானே வரைஞ்சுக்கிட்டான். எனக்கு ரெண்டாவது ஆள்தான் ஹீரோ. உங்களுக்கு?

டிஸ்கி: மூத்தவனோட நிஜப் பேரை மூணு பாகத்திலயும் சொல்லவே இல்லை. அந்தச் சுரண்டின வட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு. புதுசா ஆள் கொண்டு வந்து நிறுத்தாதீங்கப்பா, புண்ணியமா போகும் :-)