ரேடியேட்டருக்குள் மாட்டிய காற்று

1850-களின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பிரஷ்யாவில் பிறந்த ஃபிரான்ஸ் சான் கல்லி, சுடுதண்ணி ஓடுற இரும்பு ரேடியேட்டரை அங்க உருவாக்கறார். அறைக்குள்ள நெருப்பே இல்லாம சூடு!

அப்போ பம்ப் கிடையாது. சூடான தண்ணி லேசாகி மேல ஏறும், ஆறினது கீழ இறங்கும். அந்த விசை ரொம்பச் சின்னது. குழாய்ல காத்து அடைச்சாலே ஓட்டம் நின்னுடும். வெளியே உறைபனி, உள்ளே ஜில்லுன்னு இரும்பு.

காத்து எங்கிருந்து வருது? பெரும்பாலும் தண்ணிக்குள்ள இருந்தேதான். கொதிக்கறதுக்கு முன்னாடியே பாத்திர ஓரத்துல குட்டிக் குமிழ் ஒட்டுமே, அதே காத்து.

எனக்குப் பிடிச்சது தீர்வோட எளிமை. காத்து உச்சியிலதான் சேரும். அங்கேயே ஒரு குட்டி வால்வு. பம்பை நிறுத்தி, சாவியால லேசா திருகினா ‘உஸ்’னு வெளியேறும். தண்ணி எட்டிப் பார்த்ததும் மூடிட்டு, பிரஷரைச் சரிபார்க்கணும். பம்ப் வந்த பிறகும் ஐரோப்பிய வீடுகள்ல இந்தச் சாவிக்கு ஓய்வில்லை.