மண்ணுக்குள் ஒரு கம்பி

ஆம்பூரில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு கார் ஷெட் இருக்கிறது. பெயர்தான் ஷெட், அதற்குள் கார் நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. தோல் வியாபாரம் செய்த என் பாட்டனார் காலத்தில் அது குதிரை வண்டிக் கொட்டகை. என் தகப்பனார் காலத்தில் அம்பாஸிடர் கார் நின்றது. இப்போது நான் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். வரவரக் குதிரைச் சக்தி குறைந்து கொண்டே வருகிறது என்று என் மனைவி சொல்வதுண்டு.

வீட்டுக்கும் ஷெட்டுக்கும் எண்பது அடி தூரம். அந்த எண்பது அடிக்கு ஒரு கம்பி போடப் போய், நான் சரித்திரத்துக்குள் விழுந்து எழுந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலி. "காப்பி ஆறுகிறது" என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் எண்பது அடி நடக்க முடியாது. ஆகவே ஷெட்டில் ஒரு டெலிபோன் வைத்தேன். கூடவே இண்டர்நெட்டுக்கும் ஒரு கம்பி. செல்போன் இல்லையா என்று நேயர்கள் கேட்பீர்கள். ஷெட்டின் சுவரோ இரண்டடிக் கனம், மேலே தகரம். உள்ளே செல்போன் ஊமை. அம்மாவோ அந்தக் கருவியைத் தொடவே மாட்டாள். இரண்டு கம்பிகளையும் சமையலறைத் தாழ்வாரத்தில் கட்டி, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஷெட் கூரைக்குக் கொண்டுபோனேன். செலவு சொற்பம். எனக்கு ரொம்பப் பெருமை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. கண்ணைப் பறிக்கும் ஒரு மின்னல். காது அடைத்துப் போகும் ஓர் இடி. இரண்டு பக்கத்துக் கருவிகளும் கருகிப் போயின. "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. தவழ்ந்து போய் டெலிபோனை எடுத்திருக்கிறாள். அதில் உயிரில்லை. நான் ஷெட்டில் என் கதாநாயகியின் தாயாரைக் கண்ணீர் வரும்படி சாகடித்துக் கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பசி எடுத்துத்தான் வீட்டுக்குப் போனேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை; சுளுக்கோடு போயிற்று. "போன் எடுத்தேம்ப்பா, பேசல" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளே எங்கள் தெருவில் மின்சார வேலை பார்க்கும் பாயை வரவழைத்தேன். அவர் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேலே தொங்கவிட்டா இடிக்கு வெத்தல பாக்கு வச்ச மாதிரி சார். மண்ணுக்குள்ள போட்டுடலாம்" என்றார்.

கம்பியை மண்ணுக்குள் போடுவது புது யோசனை என்று நினைத்தேன். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், தந்தி பிறந்ததே மண்ணுக்குள்தான் என்று தெரிந்தது. 1837-ல் லண்டனில் யூஸ்டனுக்கும் கேம்டன் டவுனுக்கும் இடையே குக், வீட்ஸ்டன் என்ற இருவர் தந்தியைச் சோதித்தபோது, மரச்சட்டங்களில் பள்ளம் செதுக்கி அதற்குள் கம்பிகளை வைத்துப் புதைத்தார்கள். அமெரிக்காவில் மோர்ஸ், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஈயக் குழாயில் கம்பியை வைத்து 1843-ல் புதைக்க ஆரம்பித்தார். அதற்கென்று ஒரு விசேஷ ஏர் செய்து கொடுத்தவர் எஸ்ரா கார்னல். சில மைல் போனதும், குழாய்க்குள் கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து மின்சாரம் கசிவது தெரிந்துவிட்டது. வேலையை நிறுத்தினால் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள். கார்னல் என்ன செய்தார்? ஏரைப் பாறையில் மோதி உடைத்தார்! "ஏர் உடைந்துவிட்டது, அதனால் வேலை நின்றது" என்று ஊர் நம்பியது. பிறகு கம்பங்கள் நட்டு, 1844 மே 24-ல் முதல் செய்தி போயிற்று. பின்னாளில் அவர் பெயரால் ஒரு பெரிய சர்வகலாசாலையே எழுந்தது. தோல்வியை மறைக்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்; எனக்கு அது இல்லை. முருங்கை மரம் எல்லோருக்கும் தெரிய நிற்கிறது.

நம் தேசத்தில் இந்தப் பிரயோகத்தைத் தொடங்கியவர் ஓர் டாக்டர். பெயர் வில்லியம் ஓஷானஸி; ஐரிஷ்காரர்; கல்கத்தா மெடிகல் காலேஜில் ரசாயன ஆசிரியர். 1839-லேயே ஹூக்ளி நதிக்கடியில் கம்பி போட்டுப் பார்த்தார். கம்பிக்கு உறை வேண்டுமே? தார் தோய்த்த நூலைச் சுற்றி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, மறுபடியும் நூல் சுற்றினார். நம்மூர்க் கூடை முடைகிறவன் பார்த்திருந்தால், "இதற்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்டிருப்பான். ஆனால் தண்ணீருக்கடியில் மின்சாரம் போயிற்று.

அந்தச் சோதனையைச் சர்க்கார் பத்து வருஷத்துக்கு மேல் மறந்திருந்தது. டல்ஹௌஸி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு, கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை வழி போட 1850-ல் உத்தரவாயிற்று. அடுத்த வருஷம் அது உபயோகத்துக்கு வந்தது. அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போயிற்று. ஓஷானஸி செய்த விதத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெல்லிய கம்பியல்ல, விரல் கனத்துக்கு இரும்புக் கழி. உருக்கிய கீலில் தோய்த்த துணியை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு கூரை ஓடுகளை வரிசையாகப் பரப்பி, மணலும் குங்கிலியமும் உருக்கி ஊற்றி, அதில் கழியைப் படுக்க வைத்தார்கள். சுற்றிய துணி என்ன துணி தெரியுமா? மதராஸ் துணி! வங்காளத்து மண்ணில் இந்தியாவின் முதல் தந்தி, நம் சீமை நெசவின் பெயர் கொண்ட துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுத்திருந்தது. நெய்தவன் பெயரை எந்த ஏட்டிலும் காணோம்.

ஓஷானஸிக்குத் துணையாக நின்ற வங்காளி சிவசந்திர நந்தியின் பெயராவது நிலைத்தது. டயமண்ட் ஹார்பரிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தியை அனுப்பியவர் அவர்தான். பிற்பாடு பத்மா நதியைக் கடந்து கம்பி போடவேண்டி வந்தபோது, கப்பலுக்குப் பெருந்தொகை கேட்டார்களாம்; அவர் மீன்பிடிப் படகுகளை வாடகைக்கு அமர்த்தி வேலையை முடித்துவிட்டார்.

மண்ணுக்குள் கம்பி நிலைக்க நல்ல உறை வேண்டும். அந்த உறை மலாய் நாட்டுக் காட்டிலிருந்து வந்தது. கட்டாபெர்ச்சா என்பது ஒரு மரத்தின் பால். ரப்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 1840-களில் சிங்கப்பூரிலிருந்த ஒரு ஸ்காட்லாந்து வைத்தியர் அதைச் சீமைக்கு அனுப்பினார். ஜெர்மனியில் ஸீமென்ஸ் அதைக் கம்பியின்மேல் பூசி, பிரஷியா முழுவதும் புதைத்தார். ஆழம் போதவில்லை, எலி தின்றது, சில வருஷங்களில் அந்த வழிகள் பாழாயின. காற்றும் வெயிலும் பட்டால் அந்தப் பால் வெடித்துப் போகும்; கடலுக்கடியிலோ வெகு காலம் இருக்கும். ஆகவே அது சமுத்திரத்துக்குப் போயிற்று. ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தால் கிடைப்பது சில நூறு கிராம்தான். சமுத்திரங்களையெல்லாம் கட்டிப் போட எத்தனை மரம் விழுந்திருக்கும்! சிங்கப்பூர்த் தீவில் சில வருஷங்களிலேயே அந்த மரம் அநேகமாக இல்லாமல் போயிற்று.

1870-71-ல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போடப்பட்டது. அதே சமுத்திரத்தின் மேலே நம் ஜனங்கள் கப்பல் தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்ட வேலைக்குப் போனார்கள். கீழே மலாய் மரத்தின் பாலைப் போர்த்திய கம்பியில் சர்க்காரின் செய்தியும் வியாபாரியின் விலையும் நிமிஷத்தில் ஓடின. மேலே போனவன் செத்தான் என்ற செய்தி அவன் கிராமத்துக்குக் கடிதமாக வரப் பல வாரம் ஆகும்; வராமலே போவதும் உண்டு. ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு கொடுக்க அவனால் முடியுமா?

இங்கேதான் எங்கள் வேலூர்க் கோட்டை ஞாபகத்துக்கு வருகிறது. 1806 ஜூலை 10, விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு. தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வேறு. தோலுக்குப் பேர்போன எங்கள் சீமையின் பெரிய கலகத்துக்கு ஒரு துண்டுத் தோலும் காரணமாயிற்று. காலைக்குள் கோட்டை அவர்கள் கையில். ஆனால் வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். செய்தி குதிரையில் போயிற்று. கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். அன்று காலையிலேயே கோட்டை மீண்டும் விழுந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மடிந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கோ வெளியே சொல்லி அனுப்பவும் துணை கேட்கவும் வழி இல்லை.

ஐம்பத்தொரு வருஷங்களுக்குப் பிறகு, 1857 மே 11-ல், குதிரைக்கு வேலையில்லை. டில்லித் தந்தி ஆபீஸிலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி போயிற்று. பஞ்சாபில் வெள்ளைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். கலகக்காரர்கள் எங்கே போனாலும் கம்பியை அறுத்தார்கள். தங்கள் எதிரி அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கம்பி எவன் கையில் இருக்கிறதோ, காலம் அவன் கையில் இருக்கிறது.

பின்னர் அது மெல்ல மெல்ல ஜனங்கள் கைக்கு வந்தது. 1855-லேயே தந்தி பொதுமக்களுக்குத் திறந்தாயிற்று. 1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் டெலிபோன் நிலையங்கள் வந்தன. லண்டன் ஏலத்தில் சென்னைத் தோல் என்ன விலைக்குப் போயிற்று என்ற செய்திக்காக எங்கள் சீமை வியாபாரிகள் தந்திச் சேவகனை எதிர்பார்த்திருந்த காலம் ஒன்று உண்டு. வீடுகளிலோ தந்தி என்றால் அழுகை. பிரித்துப் பார்க்கு முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலையில் அந்தத் தந்தியும் நின்றுபோயிற்று.

நிற்க. என் எண்பது அடிக்கு வருகிறேன்.

பாய் தாமிரக் கம்பியே வேண்டாம் என்றுவிட்டார். "மண்ணுக்குள்ள போட்டாலும் தாமிரத்துல இடி ஓடும் சார். பக்கத்துல எங்கேயாவது இடி விழுந்தா, வீட்டு எர்த்து ஒரு மாதிரி, ஷெட்டு எர்த்து ஒரு மாதிரி ஆயிடும். ரெண்டையும் தாமிரத்தால கட்டினா நடுவுல இருக்கிற மெஷின் கருகும். கண்ணாடி நார் போடுங்க. உள்ளே இரும்பு இழை இல்லாததா வாங்குங்க. அதுல வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது." ஒரே நாரில் டெலிபோன் பேச்சும் இண்டர்நெட்டும் சேர்ந்து போகும் என்றார். கண்ணாடி இழையில் வெகு தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் காவ் என்பவரும் ஹாக்கம் என்பவரும் கணக்குப் போட்டுக் காட்டியது, ஆம்பூரில் ஒரு புழக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம். ஷெட்டுக்குப் போகும் மின்சார வயரிலிருந்து ஓரடி தள்ளி. அடியில் மணல், அதன்மேல் பிளாஸ்டிக் குழாய். திருப்பங்களில் முழங்கைக் குழாய் இல்லாமல் அகலமான வளைவு. பின்னால் வேறொரு கம்பி இழுக்க வசதியாக உள்ளே ஒரு நைலான் கயிறு. பாதி மூடிய பிறகு மஞ்சள் நாடா ஒன்று. நாளை எவனாவது மண்வெட்டி போட்டால் அது முதலில் கண்ணில் படும்.

பள்ளம் தோண்ட இரண்டு பேர் வந்தார்கள். நடுவில் மண் வெளுத்து வந்தது, சுண்ணாம்பு. அதற்கடியில் கறுப்பாக ஒரு படிவம். மூத்தவர் அதைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். "ஆவாரம்பட்டை சார். இங்க தொட்டி இருந்திருக்குது. நானும் சின்ன வயசுல தொட்டியில எறங்கினவன்தான்" என்று கையை நீட்டினார். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. என் பாட்டனார் வீட்டுக்குப் பின்னாலேயே தோல் ஊறப்போட்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் குழாய் அகப்பட்டது. தொட்டதும் உதிர்ந்தது. தொட்டியிலிருந்து இறங்கிய உப்பு அதைத் தின்றிருந்தது. இந்த உப்புக்கு இரும்பும் தப்பவில்லை, பாலாறும் தப்பவில்லை. அதில் இறங்கி நின்ற கால்கள் மட்டும் எப்படித் தப்பியிருக்கும்? எங்கள் வீட்டுச் சுவரின் இரண்டடிக் கனமும் அந்தத் தொட்டியிலிருந்துதானே எழுந்தது?

அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய தாத்தா மலாயாவுக்குப் போனவராம். "போனவரு போனவருதான். ஒரு தகவலும் இல்ல" என்றார்.

சாயங்காலம் பள்ளத்தை மூடினார்கள். பாய் ஷெட்டில் புது டெலிபோனை வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கூப்பிடச் சொன்னார். நான் ஷெட்டில் காத்திருந்தேன். மணி அடித்தது.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. கேக்குதான்னு பாத்தேன்."

"கேட்குதும்மா" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.