எம்டன் வந்த நாளின் காலை

மகா கெட்டிக்காரனையும் சூழ்ச்சிக்காரனையும் ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. கடலை விட்டு விலகி, பீங்கான் சூளைகளோடு வாழும் விருத்தாசலத்திலும் அச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துச் சென்ற ஜெர்மானியக் குரூஸரின் பெயர் அது. அதே நாள் காலையில், ஹாலந்துக் கரைக்கப்பால், பிரிட்டிஷ் கடற்படை மூன்று குரூஸர்களை இழந்திருந்தது. அவற்றின் நினைவாகத் தமிழில் ஒரு சொல்லும் தங்கவில்லை.

அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. மூன்றும் விக்டோரியா ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் வில்லியம் ஒயிட் வடிவமைத்த வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் 12,000 டன். 9.2 அங்குலப் பீரங்கிகள் 2, 6 அங்குலப் பீரங்கிகள் 12, பக்கங்களில் 6 அங்குல எஃகுக் கவசம், வேகம் 21 நாட். எதிரி கண்ணுக்குத் தெரிவான், குண்டு காற்றைக் கிழித்து வரும் என்ற நம்பிக்கையில் எழுந்த வடிவம் அது. பக்கவாட்டு நிலக்கரி அறைகளும் குண்டைத் தாங்கும் மற்றுமொரு சுவராகவே கருதப்பட்டன.

1914இல் அவை பழங்கப்பல்கள். மாலுமிகளில் பலர் போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட குடும்பஸ்தர்கள்; பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த சிறுவர்களும் இருந்தனர். கடும் வானிலையால் காவல் நாசகாரிகள் விலகியிருக்க, மூன்றும் சுமார் 10 நாட் வேகத்தில் நேர்கோட்டில் சென்றன. காலை 6.20 மணியளவில் ஓட்டோ வெடிகனின் யு-9 நீர்மூழ்கி விட்ட டார்பிடோ அபூகிரைத் தாக்கியது. நீர்மூழ்கியின் எடை சுமார் 500 டன்தான். ஒரு பக்கத்து அறைகளில் நீர் புகுந்தது. மறுபக்கம் நீர் நிரப்பிச் சமன்செய்ய முயன்றும் பயனின்றிக் கப்பல் கவிழ்ந்தது. குண்டைத் தாங்க அமைத்த அறைகளே சாய்வுக்குத் துணைபோயின.

கண்ணிவெடி என்று எண்ணிய அபூகிரின் தலைவர் மற்ற இரண்டையும் அருகே அழைத்திருந்தார். மீட்க வந்த ஹோக் அடிபட்டது. படகுகளை இறக்கி நின்ற கிரெஸ்ஸியும் அடிபட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் 1,459 பேர் மாண்டனர். 837 பேர் மீட்கப்பட்டனர்.

நீர்மூழ்கி உலவும் கடலில், தோழமைக் கப்பல் மூழ்கினாலும் பெரிய கப்பல்கள் நிற்கலாகாது என்று கடற்படைத் தலைமை பின்னர் ஆணையிட்டது. போர்க்கலையின் கணக்கில் அது சரியே. ஆனால் கவசத்தின் குறையோடு சேர்த்து, மாலுமியின் பழைய அறமும் அன்று காலை பிழையாக எழுதப்பட்டுவிட்டது.

எம்டனும் நிலைக்கவில்லை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் குரூஸர் சிட்னியிடம் அழிந்தது. அச்சுறுத்திப் போன கப்பலுக்கு நம் மொழியில் இடம் கிடைத்தது. பிறரைக் காக்க நின்று மூழ்கியவற்றையும் செப்டம்பர் 22இல் ஒருகணம் நினைக்கலாம்.