பேரிடர்: வகையும் பொறுப்பும்

ஆற்றில் வெள்ளம் பெருகுதல் இயற்கை நிகழ்ச்சி. அவ்வெள்ளம் ஊரை அழிக்குமாயின் அது பேரிடர். ஆளில்லாக் காட்டில் மலை சரிந்தால் அது நிலநூலார் குறித்துக்கொள்ளும் ஒரு செய்தி. சரிந்த மண் குடியிருப்பின்மீது விழுந்தால் நாட்டுக்கே துயரம். எனவே, இடையூறு விளைக்கும் நிகழ்ச்சி வேறு, பேரிடர் வேறு. மக்கள் தம் சொந்த ஆற்றலால் தாங்கி மீள இயலாத அளவுக்கு உயிரும் உடைமையும் வாழ்வும் சிதையும்போதே பேரிடர் என்னும் பெயர் பொருந்தும்.

அறிஞர் அதனை மூவகையாகப் பகுத்து நோக்குவர். தோற்றம் பற்றிய பகுப்பு முதலாவது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிலத்தின் அசைவால் வருவன. புயலும் வறட்சியும் வானிலையால் வருவன. கொள்ளைநோய் கிருமிகளால் வருவது. கட்டட இடிவும் தொழிற்சாலை வெடிப்பும் மனிதர் செயலால் வருவன. விரைவு பற்றிய பகுப்பு இரண்டாவது. நொடியில் தாக்குவனவும் உண்டு. வறட்சியைப்போல் மெல்ல வந்து வாட்டுவனவும் உண்டு. அளவு பற்றிய பகுப்பு மூன்றாவது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் கோலாலம்பூரை அடுத்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்து 48 பேர் மாண்டனர். அதன்பின் 1997இல் வெளிவந்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் ஆணை, பேரிடரை மாவட்டம், மாநிலம், நாடு என மூன்று நிலைகளில் வைத்து, எந்நிலையில் எவர் பொறுப்பேற்பது என வரையறுத்தது.

இப்பகுப்புகள் பயனுடையன. ஆயினும் தோற்றத்தை மட்டும் நோக்கினால் உண்மையில் ஒரு பாதி மறைந்துவிடும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராக் கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தின் பேரலை, கெடாவின் கோத்தா கோலா மூடா மீனவர் ஊர்களைத் தாக்கியது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தோர். அலை எழுந்தது இயற்கையால். ஆனால், அது இக்கரையை அடையச் சில மணி நேரம் ஆயிற்று. அந்நேரத்தில் மக்களை எச்சரிக்கும் அமைப்பு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. இக்குறையை இயற்கையின் கணக்கில் எழுதுதல் முறையாகாது.

தோட்டப்புற வரலாறு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். ஆனால், மலைச்சாரல் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கு இரப்பர் நடக் காடு வெட்டப்பட்டதும் நிழலில் ஓடிய சிற்றோடைகள்மீது வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரே அனோபிலிஸ் மாகுலேட்டஸ் என்னும் கொசுவுக்கு உகந்த இடம். கூலிம், பாலிங் வட்டாரங்களைப் போன்ற மேட்டு நிலங்களுக்கும் இவ்விதி பொருந்தும். நோய் கிருமியால் வந்தது. அக்கிருமிக்கு வழி திறந்ததோ கோடரி. லயங்களில் மாண்ட தமிழரின் சாவைக் 'காய்ச்சல்' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் அக்கோடரி கண்ணுக்குத் தெரியாது.

சப்பானியர் ஆட்சியில் நேர்ந்த சயாம் மரண இரயில் துயரமும் இத்தகையதே. போரினால் இரப்பர் வாணிபம் முடங்கியது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகின. மூன்று மாத வேலை என்று ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும், கெடா உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அவ்வாண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்தோறும் பரவியது. போர்க்கைதிகளிடையே படை மருத்துவர் இருந்தனர்; கொதிக்க வைத்த நீரையே பருகும் கட்டுப்பாடும் இருந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுள் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர். மருத்துவரும் அமைப்பும் இல்லாத ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் பன்மடங்கு. மழையும் கிருமியும் இரு சாரார்க்கும் ஒன்றே. சாவு மட்டும் ஒன்றாக இல்லை. காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளுக்குக் கல்லறைகள் உள்ளன. தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

திருவள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தில் பசி, பிணி, பகை ஆகிய மூன்றையும் ஒரே குறளில் சேர்த்து எண்ணினார். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும் என்பதற்குச் சயாம் இரயில் பாதையே சான்று. பகை வேலையைப் பறித்தது. பசி மக்களை வண்டியில் ஏற்றியது. பிணி அவர்களைப் புதைத்தது. இவற்றுள் எதை எடுத்து இப்பேரிடருக்குப் பெயரிடுவது?

ஆதலின், பேரிடரைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியர், 'இது எதனால் தோன்றியது?' என்னும் வினாவோடு நின்றுவிடாமல், 'இத்துணைப் பேர் மாளாமல் காத்திருக்கக்கூடியவர் யார்?' என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். முதல் வினாவுக்கு நிலநூலும் மருத்துவ நூலும் விடை தரும். இரண்டாம் வினாவுக்கு விடை தருவது வரலாறு. தோட்டத் தமிழர் பிள்ளைகளுக்கு அவ்வரலாறு தம் பாட்டன் பாட்டியரின் கதையாகும்.