ஜடேஜா – சாம்சன் வீரர் பரிமாற்றம்

ஜடேஜா – சாம்சன் வீரர் பரிமாற்றம் என்பது 2026 இந்தியன் பிரீமியர் லீக் பருவத்தை முன்னிட்டு, சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் ஆகிய துடுப்பாட்ட அணிகள் செய்துகொண்ட பரிமாற்றம் ஆகும். இது 2025 நவம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்டது.

விவரம்

சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு வந்தார். இரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் (2.4 கோடி) ராஜஸ்தானுக்குச் சென்றனர். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. இதனால் ஏலக் கணக்கில் சென்னைக்கு 2.4 கோடியும் ராஜஸ்தானுக்கு 1.6 கோடியும் மிச்சமாயின.

மதிப்பு குறித்த விவாதம்

பணக் கணக்கில் இரு அணிகளுக்கும் ஆதாயமே. எனினும் இரசிகர்களின் கருத்து பிளவுபட்டது. ஜடேஜா சென்னைக்காக 12 பருவங்கள் ஆடியவர். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டங்கள் எடுத்துக் கிண்ணத்தை வென்று தந்தவர். களத்தடுப்பில் அவர் தடுத்த ஓட்டங்கள் ஓட்டப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆகவே அவரது முழு மதிப்பை எண்களால் அளப்பது கடினம். மறுபுறம், அப்போது அவருக்கு வயது 36, சாம்சனுக்கு 31. மகேந்திரசிங் தோனி 44 வயதை எட்டியிருந்த நிலையில், இலக்குக் காப்பாளர் ஒருவர் அணிக்குத் தேவைப்பட்டார்.

திருநெல்வேலித் தொடர்பு

சென்னை அணியை 2008இல் வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை, திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து சங்கர் நகரில் 1949இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள அந்நிறுவனத்தின் மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெற்றுள்ளன. இத்தொடரிலும் 2023இல் வீரர் ஏலம் அறிமுகமானது. அவ்வேலத்தில் மிக உயர்ந்த தொகையான 21.6 இலட்சம் ரூபாய்க்குச் சாய் சுதர்சனை வாங்கிய கோவை கிங்ஸ், அம்மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் நெல்லை ராயல் கிங்சை 104 ஓட்டங்களால் வென்றது.