எங்கள் வீட்டில் 'மாதொருபாகன்'



மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் ஐந்து பேர் கூடி ஒரு நாவலைப் பேசுவோம். இம்முறை பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'.

2010இல் வந்த நாவல். நான்கு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் வந்தபின், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். கோயில் திருவிழா இரவில் குழந்தையில்லாத பெண்கள் வேற்று ஆணோடு சேரும் வழக்கம் முன்பு இருந்ததாக அதில் வருகிறது. ஊருக்கே அவமானம் என்றார்கள். கடையடைப்பு, அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை. 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவரே முகநூலில் எழுதினார். அவரும் அப்போது வாத்தியார்தான், அரசுக் கல்லூரியில். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்து, அவர் மீண்டும் எழுதவேண்டும் என்றது.

வழக்கம் நிஜமா, கற்பனையா என்று நாங்களும் ஒரு மணிநேரம் வாதாடினோம். குழந்தையில்லாத எங்கள் டீச்சர் அதுவரை பேசவில்லை.

"ஊர் மானத்துக்குக் கடையடைச்சாங்க. பொன்னாவை மலடின்னு ஊர் சொல்லுதே, அதுக்கு யாருக்காவது கோபம் வந்துச்சா? என் நாத்தனார் வளைகாப்புல என்னை வளையல் போடவிடலை, ஞாபகம் இருக்கா?" என்று என்னைப் பார்த்தார்.

இருந்தது. எனக்கு அடுத்துதான் அவர் நின்றிருந்தார். நான் வளையல் போட்டேன், சாப்பிட்டேன், வந்துவிட்டேன்.